இலைக்குப் போன உரம்

மல்லிகைத் தோட்டத்துக்குள் போனதும் அரும்பைத் தேடாமல் இலையைத் தொட்டுப் பார்ப்பது என் தாய்மாமாவின் வழக்கம். நிலக்கோட்டைப் பக்கம் அவருக்குக் கொஞ்சம் மல்லிக்காடு இருந்தது. விடியும் முன்னே பெண்கள் மடியைக் கட்டிக்கொண்டு பூ எடுக்க இறங்கியிருப்பார்கள். மாமா ஒரு கிளையை வளைத்து, முற்றிய இலை ஒன்றைக் கிள்ளி, உள்ளங்கையில் வைத்து நசுக்குவார். நொறுங்கினால் ஒன்றும் சொல்ல மாட்டார். கசங்கி ஈரமாகக் கையோடு ஒட்டினால், "கொழுத்துப் போச்சுப்பா, இனி அரும்பு கட்ட நாளாகும்" என்பார்.

வரப்புக்கு அந்தப் பக்கத்துத் தோட்டம் எப்போதும் கரும்பச்சையாக, மதமதவென்று நிற்கும். பஸ்ஸில் போகிறவர்கள்கூட அதைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். பங்குனியில் மாமாவின் பூ கமிஷன் கடைக்குப் போய்க்கொண்டிருக்கும்போது அங்கே இலைதான் மேலும் மேலும் அடர்ந்துகொண்டிருக்கும். இரண்டுக்கும் ஒரே செம்மண், ஒரே வாய்க்கால். நாற்றும் ஒரே ஊர், ராமேஸ்வரத்துக்குப் பக்கத்துத் தங்கச்சிமடம். பதியம் போட்டு வேர் பிடித்த குச்சிகளை அங்கிருந்து கட்டுக் கட்டாக வாங்கி வருவார்கள். யூரியா மூட்டையில்தான் வித்தியாசம்.

மல்லிகை புதுத் தளிரின் நுனியில் பூக்கிற செடி. அதனால்தான் கார்த்திகையில் முழங்கால் உயரத்துக்குக் கவாத்து வெட்டுகிறோம். வெட்டியதும் தளிர் வரவேண்டும், அதற்கு யூரியாவில் இருக்கிற தழைச்சத்து வேண்டும். ஆனால் தளிர் ஓடிக்கொண்டே இருந்தால் அரும்பு வராது. ஓட்டம் நிற்கிற இடத்தில்தான் அரும்பு கட்டும். வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரையில் ஒரு செடிக்கு வருஷத்துக்குத் தழைச்சத்து 60 கிராம், மணிச்சத்து 120 கிராம், சாம்பல்சத்து 120 கிராம். அதையும் கவாத்தின்போது பாதி, ஆனி ஆடியில் பாதி என்று பிரித்துப் போடவேண்டும். மற்றப் பல பயிர்களில் முதலில் நிற்கிற தழைச்சத்து இங்கே மற்ற இரண்டிலும் பாதிதான். இந்தக் கணக்கை அச்சில் பார்த்தபோது மாமா நசுக்கிய இலைதான் நினைவுக்கு வந்தது. படிக்காத மனுஷர் என்று ஊரில் சொல்வார்கள். அந்தச் சொல்லை என்னால் எப்போதும் பொறுக்க முடிந்ததில்லை.

மாமாவின் நம்பிக்கை ஆட்டுக்கிடையில். ராமநாதபுரத்துப் பக்கமிருந்து கீதாரிகள் மந்தையோடு வருவார்கள். கோடையில் வெறுங்காடாகக் கிடக்கும் நிலத்தில் ராத்திரிக்கு ஆடுகளை அடைத்துவைப்பார்கள். காலையில் அந்த இடம் முழுக்கப் புழுக்கையும் மூத்திர வாடையும். அடுத்த நாள் கிடையை நாலு தப்படி நகர்த்துவார்கள். புழுக்கை ஒரேயடியாகச் சத்தைக் கக்காது, மக்க மக்கத்தான் கொடுக்கும். யூரியா தண்ணீரில் கரைந்து சில நாளிலேயே பயிருக்கு எட்டிவிடுகிறது. செடி எவ்வளவு தின்கிறது என்பதோடு எப்போது தின்கிறது என்பதும் பூக்கும் நாளைத் தள்ளவோ இழுக்கவோ செய்யும். இதை விளங்கிக்கொள்ள எனக்குப் பல வருஷம் பிடித்தது.

எங்கள் வீட்டுப் பின்புறத்தில் முருங்கை ஒன்று நின்றது. பாத்திரம் கழுவுகிற தண்ணீர், மாட்டுத்தொழுவத்துக் கழிவு எல்லாம் அதன் தூரில்தான் போய்த் தேங்கும். வானத்துக்கு ஏறிப் போயிற்றே தவிர ஒரு பூ இல்லை. அப்பத்தா ஒருநாள் மண்வெட்டியை எடுத்துத் தண்ணீரை வேறு பக்கம் திருப்பிவிட்டாள். "சாப்பாடு தேடி அலையாத மரம் எதுக்குடா காய்க்கும்?" என்றாள். மாமரத்துக்கு அவளிடம் வேறு வைத்தியம் இருந்தது. அரிவாள் நுனியால் ஒரு கிளையின் பட்டையைச் சுற்றிலும் ஒரு விரல்கடை அகலத்துக்கு உரித்துவிடுவாள். மரத்தைப் பயமுறுத்துகிறாள் என்று பிள்ளைகள் சிரிப்போம்.

அவள் செய்தது பயமுறுத்தல் அல்ல. இலை சமைக்கிற சர்க்கரை பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. தண்ணீர் உள்கட்டை வழியாக மேலே ஏறுகிறது. பட்டையை மட்டும் வளையமாக எடுத்தால் தண்ணீர் தடையில்லாமல் ஏறும், சர்க்கரை இறங்க வழியில்லாமல் கிளையிலேயே தங்கிவிடும். வேரிலிருந்து வரும் தழைச்சத்துக்கும் இலையில் சேர்ந்த சர்க்கரைக்கும் உள்ள விகிதம் மாறிப்போகும்.

கோயம்புத்தூரில் படிக்கும்போது நூலகத்தில் ஒரு பழைய ஆய்வைப் பற்றி வாசித்தேன். அமெரிக்காவின் ஓரிகன் மாகாணத்தில் கிராஸ், கிரேபில் என்ற இருவர் தக்காளிச் செடிகளை வைத்துச் செய்து 1918-இல் வெளியிட்டது. செடிகளை நாலு விதமாகப் பிரித்தார்கள். தழைச்சத்து நிறைய, சர்க்கரை மிகக் குறைவு என்றால் செடி நோஞ்சான். தழைச்சத்தும் நிறைய, சர்க்கரையும் போதுமானது என்றால் செடி கொழுகொழுவென்று வளரும், காய்க்காது. தழைச்சத்தைக் கொஞ்சம் குறைத்துச் சர்க்கரை சேர விட்டால் காய்க்கும். தழைச்சத்தை அடியோடு நிறுத்தினால் சர்க்கரை தேங்கிக் கிடந்தும் செடி குறுகி நின்றுவிடும், காயும் கிடையாது. இரண்டாவது வகையைப் படித்ததும் வரப்புக்கு அந்தப் பக்கத்துத் தோட்டம் கண்முன் வந்தது. மூன்றாவதும் நாலாவதும்தான் எனக்கு முக்கியமாகப் பட்டன. குறைப்பது வேறு, பட்டினி போடுவது வேறு. இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு செடியைக் கொன்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கிராஸுக்கும் கிரேபிலுக்கும் முன்பே ஜெர்மனியில் கிளெப்ஸ் என்ற தாவரவியலாளர் இதே விகிதத்தைப் பற்றிப் பேசியிருந்தார். கொஞ்ச காலம் எல்லாப் பூவுக்கும் இதுதான் திறவுகோல் என்றே பலர் நம்பினார்கள். 1920-இல் கார்னர், ஆலார்டு என்ற இருவர் அந்த நம்பிக்கையை அசைத்தார்கள். மேரிலேண்ட் மேமத் என்ற புகையிலை ரகம் கோடையில் ஆள் உயரத்துக்கும் மேல் வளர்ந்தும் பூக்கவில்லை. அதே ரகம் பனிக்காலத்தில் கண்ணாடி வீட்டுக்குள் சின்னச் செடியாக இருக்கும்போதே பூத்தது. ஊட்டம், வெப்பம் என்று ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துக் கடைசியில் பகலின் நீளம்தான் காரணம் என்று கண்டார்கள். கோடைப் பகலில் செடிகளை இருட்டுக் கொட்டகைக்குள் நகர்த்திப் பகலைக் குறைத்ததும் புகையிலை பூத்துவிட்டது. கிராஸும் கிரேபிலும் பார்த்தது பூ தோன்றுவதைவிடக் காய் பிடிப்பதைத்தான் என்று பின்னால் வந்தவர்கள் திருத்தினார்கள். அந்தத் திருத்தம் நியாயமானதே.

ஆனால் அதோடு ஊட்டத்தின் கதை முடிந்துவிட்டது என்று வகுப்பில் சொல்லிக் கடந்துபோனது எனக்கு அப்போதே உறுத்தியது. பகல் நீளத்தை இலை உணர்கிறது, உணர்ந்ததைக் குருத்துக்குச் சொல்ல ஒரு பொருள் போகிறது என்று ரஷ்யாவில் சைலாக்கியான் 1930-களில் சொன்னார். அதற்கு ஃப்ளோரிஜன் என்று பேரும் வைத்தார். எழுபது வருஷம் கழித்து, 2007-இல், அது ஒரு சிறு புரதம் என்று உறுதியாயிற்று. 2013-இல் ஜெர்மனியில் அரபிடாப்சிஸ் என்ற கடுகு இனத்துச் சிறு செடியில் இன்னொன்றைக் கண்டார்கள். ட்ரெஹலோஸ்-6-பாஸ்பேட் என்று ஒரு சர்க்கரைப் பொருள், இலையில் சர்க்கரை இருப்பு எவ்வளவு என்பதைக் காட்டிக்கொடுக்கிறது. அது குறைவாக இருந்தால், பகல் நீளம் சரியாக இருந்தாலும் அந்தப் புரதம் சரிவர உருவாவதில்லை. அதே செடிக்கு நைட்ரேட்டை, அதாவது தழைச்சத்தை, குறைத்தால் சீக்கிரம் பூக்கிறது. பூக்கும் நாளை வானம் குறிக்கிறது, ஆனால் கையிருப்பைப் பார்த்துவிட்டுத்தான் செடி ஒப்புக்கொள்கிறது. இப்படி நான் புரிந்துகொண்டிருக்கிறேன். அப்பத்தாவின் அரிவாளுக்கு நூலகத்தில் ஓர் இடம் கிடைத்துவிட்டது என்று அன்றைக்கு மனம் நிறைந்தது.

வேலை கிடைத்துத் தஞ்சைப் பக்கம் போனபோது நெல்லில் அதே பாடம் வேறு விதமாக வந்தது. நாற்று நட்டுக் கொஞ்ச நாள் கழித்து ஒரு தூரைப் பிடுங்கி, தாய்த் தண்டைப் பிளேடால் நெடுக்கில் கீறிப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தார் ஒரு மூத்த அலுவலர். அடிக்கணுவுக்கு மேலே மில்லிமீட்டர் அளவில் வெள்ளையாக, மெல்லிய ரோமம் படர்ந்த கூம்பு ஒன்று தெரியும். அதுதான் கதிர். வெளியே இலையைத் தவிர ஒன்றுமில்லை, உள்ளே நெல் தன் முடிவை எடுத்துவிட்டது. அந்தக் கட்டத்தில் கொடுக்கிற தழைச்சத்து கதிரில் மணியாகச் சேரும். அதைத் தவறவிட்டுப் பின்னால் கொட்டினால் இலைக்குப் போகும், கதிர் வெளிவருவது தள்ளும், புகையான் பூச்சியும் குலைநோயும் தேடி வரும், காற்றடித்தால் பயிர் சாய்ந்துவிடும்.

இதற்காகவே இலை வண்ண அட்டை என்று ஒன்று வந்தது. பச்சையின் அடர்த்திப்படி கட்டம் கட்டமாக நிறம் தீட்டிய பிளாஸ்டிக் பட்டை. காலை எட்டிலிருந்து பத்து மணிக்குள், நம் உடம்பின் நிழல் விழும்படி நின்று, நன்றாக விரிந்த மேல் இலையின் நடுப்பகுதியை அதோடு ஒப்பிடவேண்டும். பத்துத் தூரில் ஆறு தூராவது குறித்த எண்ணுக்குக் கீழே வெளிறியிருந்தால்தான் யூரியா. வெள்ளைப் பொன்னிக்கு அந்த எண் 3, மற்ற பெரும்பாலான ரகங்களுக்கு 4. பொன்னி கொஞ்சம் வெளிறி நிற்பதுதான் அதற்கு நல்லது. பக்கத்து வயலின் பச்சையைப் பார்த்து மனசு கேட்காமல் யூரியாவைத் தூவுகிறவர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்திருக்கிறது. "என் பயிரு மட்டும் ஏன் சார் சோகை பிடிச்ச மாதிரி நிக்கணும்?" என்று ஒருவர் கேட்டார். அவர் கேள்வியில் இருந்த வேதனை உண்மையானது. பச்சையாக நின்றால் நல்ல பயிர் என்று ஊர் பேசுகிறது.

வாழைக்காரர்களிடம் இந்தப் பேச்சே செல்லாது. வாழைக்குத் தழைச்சத்தைக் குறைத்தால் குலை சீக்கிரம் தள்ளும் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். வாழை குறிப்பிட்ட அளவு இலைகளை விட்ட பிறகுதான் பூவுக்குத் திரும்புகிறது. ஊட்டம் குறைந்தால் ஒரு இலைக்கும் அடுத்த இலைக்கும் இடைவெளி கூடும், குலை தள்ளுவது மாதக்கணக்கில் தள்ளிப்போகும். மணிச்சத்துக் குறைந்த நிலத்தில் தானியப் பயிர்களும் தாமதமாகத்தான் பூக்கின்றன. பட்டினி எங்கேயும் மருந்தில்லை. ஒவ்வொரு செடியும் எந்த இடத்தில் இலையை விட்டுப் பூவுக்குத் திரும்புகிறது என்பதை அறிந்து, அந்த இடத்தில் எதைக் கொடுக்கவேண்டும், எதை நிறுத்தவேண்டும் என்று பார்ப்பதுதான் வேலை.

உளுந்தில் அந்த இடம் கண்ணுக்கே தெரியும். முதல் பூ தலைகாட்டியதும் இரண்டு சதவீத டி.ஏ.பி. கரைசல், பதினைந்து நாள் கழித்து இன்னொரு தடவை. ஏக்கருக்கு நாலு கிலோ டி.ஏ.பி.யை முந்தின நாள் சாயங்காலமே தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் மேலே தெளிந்ததை மட்டும் வடித்து, இருநூறு லிட்டராக்கி, வெயில் தாழ்ந்த பிறகு அடிக்கவேண்டும். அடியில் தங்கும் மண்டியை விட்டுவிடவேண்டும், இல்லையென்றால் தெளிப்பானின் மூக்கு அடைத்துக்கொள்ளும். தஞ்சைத் தரிசு உளுந்தில் நெல் அறுத்த ஈரத்தைத் தவிர வேறு பராமரிப்பே கிடையாது. அந்தத் தெளிப்பில் பூ உதிராமல் நிற்பதைப் பார்த்த பெண்கள் அடுத்த வருஷம் தாங்களே ஊறப்போட்டு வைத்திருந்தார்கள்.

மாமரத்துப் பக்கம் நினைவு போகும்போது பிலிப்பைன்ஸும் கூடவே வரும். அங்கே முன்பு மா பூப்பதற்காகத் தோப்புக்குள் நாள்கணக்கில் புகைமூட்டம் போட்டுவந்தார்கள். கூலியும் அதிகம், பலனும் நிச்சயமில்லை. 1970-களில் ராமோன் பார்பா என்ற தோட்டக்கலை அறிஞர், பொட்டாசியம் நைட்ரேட்டை, நம் ஊரில் வெடியுப்பு என்பதை, தண்ணீரில் கரைத்து இலையில் தெளித்து மாவைப் பூக்க வைத்தார். ஒரு லிட்டருக்குப் பத்துக் கிராம் போதும். அந்த நாட்டின் மாம்பழ ஏற்றுமதியையே அது மாற்றிவிட்டது. 2014-இல் அவரைத் தேசிய விஞ்ஞானி என்று அந்த நாடு கௌரவித்தது. நம் பரிந்துரையிலும் அது இருக்கிறது: மாசி வரை பூக்காத மரத்துக்கு ஒரு சதவீதப் பொட்டாசியம் நைட்ரேட் அல்லது அரை சதவீத யூரியா தெளிக்கலாம்.

யூரியா என்ற பேரைப் பார்த்ததும் குழப்பம் வரலாம். மல்லியில் பூவைத் தள்ளிப்போட்டது மாவில் எப்படிப் பூவை எழுப்பும்? நேரமும் அளவும்தான் பதில். முற்றி ஓய்ந்து நிற்கிற கிளையின் மொட்டு ஏற்கனவே தயாராக உறங்குகிறது. அந்தச் சின்னத் தெளிப்பு அதை எழுப்புகிறது, அவ்வளவுதான். தளிர் ஓடுகிற மரத்தில் எத்தனை தடவை அடித்தாலும் பூ வராது, இன்னும் தளிர்தான் வரும். அதனால் பிலிப்பைன்ஸில் மருந்தடிக்கும் முன் இலையைக் கையில் நசுக்கிப் பார்ப்பார்கள். நொறுங்கினால் மரம் தயார். இதைப் படித்த ராத்திரி வெகுநேரம் தூங்கவில்லை. கடல் தாண்டி ஒரு விவசாயியும் நிலக்கோட்டை மாமாவும் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே சோதனையைச் செய்திருக்கிறார்கள்.

தென்னையில் காலம் வேறு கணக்கில் ஓடுகிறது. இன்றைக்கு வெடிக்கிற பாளையின் கரு 32 மாதத்துக்கு முன்பே குருத்துக்குள் உருவாகிவிடுகிறது. மட்டைக்கு ஒரு பாளை என்று வரிசையாக உள்ளே காத்திருக்கின்றன. அதனால் இந்த வருஷம் வைத்த உரத்தின் முழுப் பலனை இந்த வருஷத்துக் குலையில் தேடக்கூடாது. 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தபோது உயிர் பிழைத்த தோப்புகள் அடுத்தடுத்த வருஷங்களிலும் இளைத்தே காய்த்தன. மழை பெய்துவிட்டதே, இன்னும் ஏன் காய் இல்லை என்று கேட்டவர்களுக்கு நான் குருத்துக்குள் காத்திருக்கும் பாளைகளைப் பற்றித்தான் சொன்னேன். கேட்டுக்கொண்டார்கள். ஆனால் மூன்று வருஷம் கழித்து வரப்போகிற பாளைக்காக இன்றைக்குப் பொட்டாஷ் வாங்க எல்லாருக்கும் கையில் பணம் இருப்பதில்லை.

பணம் என்று வந்ததும் மறுபடி மல்லிக்காட்டுக்குத்தான் மனம் திரும்புகிறது. மாமாவின் பக்கத்துத் தோட்டக்காரரை ஒருபோதும் அறிவில்லாதவர் என்று நினைக்க என்னால் முடிந்ததில்லை. உரக்கடையில் கையிலிருக்கும் காசுக்கு என்ன கிடைத்ததோ அதை வாங்கினார். 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு. டி.ஏ.பி. மூட்டை 1,350 ரூபாய். பொட்டாஷ் அதற்கும் மேலே. 2010 ஏப்ரலில் சத்து அடிப்படையிலான மானியம் வந்தபோது மணிச்சத்துக்கும் சாம்பல்சத்துக்கும் விலைக்கட்டுப்பாட்டைத் தளர்த்தினார்கள், யூரியாவை மட்டும் வெளியே வைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து மலிவானது ஒன்றே ஒன்றுதான், அது இலையை வளர்க்கிற சத்து. நாட்டின் வயல்களெல்லாம் ஒரு பக்கமாகக் கொழுப்பதற்கு விவசாயியை மட்டும் குறை சொல்வது அநியாயம். விலைப்பட்டியல் அவனை அந்தப் பக்கம்தான் தள்ளுகிறது. இதை மாற்றுவது தில்லியின் கையில் இருக்கிறது, மாற்றவும் வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். பூ குறைந்த தோட்டமெல்லாம் யூரியாவால் குறைந்ததல்ல. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் மல்லி இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். அது இரும்புச்சத்துக் குறை. அங்கே போய் இன்னும் கொஞ்சம் யூரியா என்று போட்டால் வீண். லிட்டருக்கு ஐந்து கிராம் அன்னபேதி, அதாவது இரும்பு சல்பேட், கரைத்துத் தெளித்தால் போதும், தளிர் தேறிவிடும். மஞ்சளாக இருக்கிறது என்று ஒரே வார்த்தையில் சொல்லி ஒரே மூட்டையைத் தூக்கிக் கொடுக்கிற கடைக்காரரிடம், எந்த இலை, இளசா முற்றலா, நரம்பு பச்சையா என்று நாம்தான் கேட்கவேண்டியிருக்கிறது.

மல்லி வைத்திருப்பவர்களுக்கு: கார்த்திகையில் கவாத்துக்குத் தண்ணீர் நிறுத்துகிற வாரத்திலேயே மண் மாதிரி எடுத்துவிடுங்கள். உரம் போட்ட இடத்தையும் வரப்போரத்தையும் விட்டுவிட்டு, தோட்டத்தின் பல இடங்களில் 'வி' வடிவக் குழி வெட்டி, ஓரத்திலிருந்து சீராகச் சுரண்டி எடுங்கள். எல்லாவற்றையும் கலந்து, நாலாகப் பிரித்து எதிரெதிர்ப் பகுதிகளை ஒதுக்கி, அரைக் கிலோ மிஞ்சும் வரை குறைத்து, நிழலில் உலர்த்தி மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். மண் பரிசோதனை அட்டை வரும் வரை யூரியா மூட்டையைப் பிரிக்காதீர்கள். தளிர் வந்து இலை முற்றிய பிறகு அரும்புக்காகக் காத்திருக்கும் நாளில் யாராவது வரப்பில் நின்று செடி வெளிறிக் கிடக்கிறதே என்றால், ஒரு இலையைக் கிள்ளி நசுக்கிப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.